சிவப்பு விளக்கு அணையும் வரை

ஜெட் எஞ்சினின் நடுவே, விசிறித் தகடுகள் கூடும் கூம்பின்மேல் வெள்ளையில் ஒரு சுருள் தீட்டியிருப்பார்கள். அது அலங்காரம் அல்ல. எஞ்சின் சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்று தரைப்பணியாளருக்குக் காட்டும் அடையாளம். நிறுத்துதளத்தில் காதை நம்ப முடியாது. எங்கும் இரைச்சல், அதைத் தாங்கக் காதுகளையும் மூடியிருப்பார்கள்.

போயிங் 737-800 எஞ்சினின் முன்விசிறி ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போதே ஏறத்தாழ 3 மீட்டருக்குள் வரும் ஆளை அது உள்ளே இழுத்துவிடும். முன்னால் நின்றால் மட்டுமல்ல, பக்கவாட்டில் நின்றாலும்தான். பின்னால் சீறும் காற்றுக்கு அபாய எல்லை சுமார் 30 மீட்டர். இந்த எல்லைகள் கண்ணுக்குத் தெரியாது. விமானம் நகர நகர அவையும் நகரும். ஆகவே பயிற்சியின் முதல் பாடம் பீக்கன், அதாவது விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கு. அது அணையும்வரை யாரும் நெருங்கக் கூடாது.

பாடம் எளிது; அதைப் பழக்கமாக்குவதுதான் கடினம். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி விமான நிலையத்தில், எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று பணியாளர்கள் முன்கூட்டியே கூடி நினைவூட்டிக்கொண்டார்கள். விமானம் வந்து நின்றபோது பீக்கனும் மின்னிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் ஒருவர் எஞ்சின் அருகே போய் உயிரிழந்தார்.

சக்கரத்தை நெருங்கவும் முறை உண்டு. விமானத்தின் டயருக்குள் நைட்ரஜன் சுமார் 200 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கிறது. கார் டயரைப்போல ஆறு மடங்கு. தரையிறங்கிய சூட்டில் சக்கரம் வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில் பறக்கும். அதனால் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோதான் போக வேண்டும். சூடு மிகையானால் தானே உருகி, வாயுவை மெல்ல வெளியேற்றும் உருகுதக்கைகளும் சக்கரத்தில் உண்டு.

என்னை மிகவும் வியக்கவைப்பது விரல் நீள ஊசி ஒன்று. டக் எனப்படும் இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது, மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் விசை குறுக்கிட்டால், வண்டியையும் விமானத்தையும் இணைக்கும் தண்டு வீசியடித்து அருகில் நிற்பவரின் காலை முறித்துவிடலாம். இந்த ஊசியைச் செருகினால் அந்த விசை துண்டிக்கப்படும். வேலை முடிந்ததும் பணியாளர் அதை உருவி, விமானி பார்க்கும் இடத்தில் நின்று, சிவப்பு நாடாவோடு உயர்த்திக் காட்டுவார். விமானி கையசைப்பார். அதற்குப் பிறகுதான் விமானம் சொந்தமாக நகரும்.

ஆபத்து ஆளுக்கு மட்டுமல்ல, விமானத்துக்கும் உண்டு. போயிங் 787இன் எடையில் பாதி, கார்பன் இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருள். சரக்கு ஏற்றும் வண்டி அதில் இடித்தால் அலுமினியம்போல் பள்ளம் விழாமலே போகலாம். வெளியே பளபளக்கும் மாம்பழம் உள்ளே கன்றியிருப்பதுபோல, அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்திருக்கக்கூடும். இடித்தவர் வந்து சொன்னால்தான் பிறருக்குத் தெரியும். சொன்னவரைத் தண்டிக்கும் நிறுவனம், அடுத்த இடியை மறைக்கவே கற்றுக்கொடுக்கிறது.