ஒத்துக்கொள்ளாத மாத்திரைக்கு ஆஸ்பிரின் மாற்றா?

மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் 'அசிட்ரோம்' எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை சின்னது, கூடவே வரும் கட்டுப்பாடுகள்தான் பெரிது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி எடுத்து, அளவை 2-க்கும் 3-க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். வழக்கத்தைவிட முருங்கைக்கீரை கூடுதலாகச் சாப்பிட்டாலே கணக்கு மாறிவிடும். பரிசோதனைக்காகத் தூத்துக்குடிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. சில மாதங்களில் 'எனக்கு ஒத்துக்கலை' என்று விட்டுவிடுவார். ஒத்துவராதது பெரும்பாலும் உடம்புக்கு அல்ல, பிழைப்புக்கு.

மாத்திரை எதற்கு? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறுக்கு. இதில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிக்கின்றன. ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு, இந்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பது இடது மேலறையை ஒட்டிய சிறு பையில்தான் உருவாகின்றன. கட்டி நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அசிட்ரோம் போன்ற வார்ஃபரின் வகை மாத்திரைகள் ஒத்துவராதவர்களுக்கு வெகுகாலம் ஆஸ்பிரின்தான் கொடுத்தார்கள். அது வெறும் மன ஆறுதல் என்பேன். அப்படிப்பட்ட 5,599 பேரிடம் நடந்த 'அவெரோஸ்' ஆய்வு 2011-இல் வெளியானது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ வேறு உறுப்பில் ரத்த அடைப்போ வந்தது. அபிக்ஸபான் என்ற புதிய மாத்திரை எடுத்தவர்களில் 1.6 சதவீதம். பெரிய ரத்தக்கசிவில் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஐஎன்ஆர் பரிசோதனையும் வேண்டாம்.

ஆனால், சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் நம்மிடையே நிறைய. டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று 24 நாடுகளில் இத்தகையோரிடம் நடத்திய 'இன்விக்டஸ்' ஆய்வு, 2022-இல் பலரும் எதிர்பாராத முடிவைச் சொன்னது: ரிவராக்ஸபான் என்ற மற்றொரு புதிய மாத்திரையைவிடப் பழைய வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம்தான் மரணம் குறைவு. ஆக, அவர்களுக்கு ஐஎன்ஆர் அலைச்சலைத் தவிர்க்க வழியில்லை. அந்தப் பரிசோதனை ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கச் செய்வதுதான் நியாயம்.

மூளையில் ஏற்கெனவே ரத்தம் கசிந்தது போன்ற காரணங்களால் இந்த மாத்திரைகளை நீண்டகாலம் எடுக்க முடியாதவர்களுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி அந்தச் சிறு பையை அடைத்துவிடும் முறை உண்டு. செலவு லட்சங்களில். அதற்குப் பிறகும் கொஞ்ச காலத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை வேண்டியிருக்கும்.

மாத்திரை ஒத்துவரவில்லையா? நீங்களாக நிறுத்தாதீர்கள். எக்கோ எடுத்து வால்வு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வேறு மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.