ஏரிக்கரைக்கு ஒரு சைக்கிள் யாத்திரை

பிழைப்பு நாடி இம்மாநகரம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மும்பை என்றதும் நினைவுக்கு வருவன மூன்று: ஒரு சிறிய அறை, நெரிசல் மிகுந்த ஒரு ரயில் பெட்டி, வேலை செய்யும் ஓர் இடம். தாராவியாயினும், மாதுங்காவாயினும், செம்பூராயினும் இதில் பெரிய வேற்றுமை இல்லை. “ஊரில் குளம் இருந்தது, தோப்பு இருந்தது, இங்கே என்ன இருக்கிறது?” என்று பெரியோர் பெருமூச்சு விடுகின்றனர். அதைக் கேட்டு வளரும் சிறுவர்களும் இந்நகரில் மரமும் நீரும் இல்லை என்றே நம்பிவிடுகின்றனர்.

இந்த நம்பிக்கை தவறானது. நகரின் எல்லைக்குள்ளேயே ஒரு பெருங்காடு இருக்கிறது. அதன் நடுவிலும் ஓரத்திலும் மூன்று ஏரிகள் இருக்கின்றன. அவற்றைக் காண மோட்டாரும் வேண்டா, பெரும் பணமும் வேண்டா. ஒரு சைக்கிளும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும், கொஞ்சம் கட்டுச்சாதமும் இருந்தால் போதும். ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாம் வாரம் ஆறு நாளும் தண்டவாளத்தின் ஓசையிலேயே காலம் கழிப்பவர். ஏழாம் நாள் ஓசையற்ற பாதைகளைத் தேடிச் சென்று கண்டவற்றை அன்பர்கள் பயனுறும் பொருட்டு இங்கே எழுதுகின்றோம்.

மலைக்காடும் குகைகளும்

போரிவலியில் தொடங்கித் தாணே வரை பரந்து கிடக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்புள்ளது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஒரு மாநகரின் வயிற்றில் இவ்வளவு பெரிய கானகம் இருப்பது உலகில் அரிய காட்சி. மானும் குரங்கும் மட்டுமல்ல, சிறுத்தையும் இங்கே வாழ்கின்றது.

சைக்கிள் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல் யாத்திரைக்கு உகந்த இடம் இதுவே. புறநகர் ரயிலின் கூட்டத்தில் சொந்தச் சைக்கிளை ஏற்ற எண்ணுவது தகாது. அதற்கு அவசியமும் இல்லை. பூங்காவினுள்ளேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் ஆகிய நிலையங்களில் ஏறுவோர் ஹார்பர் வண்டியிலேயே கோரேகாவ் வரை சென்று, அங்கே மேற்கு ரயில்வே வண்டிக்கு மாறிப் போரிவலி சேரலாம். ஹார்பர் பாதை கோரேகாவ் வரை நீண்டது 2018ஆம் ஆண்டில்தான். செம்பூர் அன்பர்கள் வடாலா ரோடு நிலையத்தில் கோரேகாவ் வண்டிக்கு மாற வேண்டும். மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையத்தினருக்குத் தாதர் வழியே சுலபம். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை மறத்தலாகாது.

வாயிலிலிருந்து கான்ஹேரிக் குகைகள் வரை தார்ச்சாலை செல்கிறது. இருபுறமும் தேக்கும் மூங்கிலும் நெருங்கி நிற்கும். தொடக்கத்தில் பாதை சமமாக இருப்பினும் இறுதிப் பகுதி மேடு. அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. திரும்பும்போது அதே மேடு நமக்கு உபகாரியாகிவிடும்.

கான்ஹேரி என்ற பெயர் கிருஷ்ணகிரி, அதாவது கருமலை, என்பதன் திரிபு. சேலத்துக்கு அப்பால் உள்ள நமது கிருஷ்ணகிரியை அறிந்தவர்களுக்கு இப்பெயர் உறவாகத் தோன்றும். கரும்பாறையைக் குடைந்து பௌத்தத் துறவிகள் அமைத்த குகைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. சிற்பங்களைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்ந்தவை அங்குள்ள நீர்த்தொட்டிகளே. பாறையில் சிறு வாய்க்கால் செதுக்கி, மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்து, கோடை முழுதும் அவர்கள் உபயோகித்தனர். குழாய் வாயிலில் குடத்துடன் காத்து நிற்கும் நம் தாய்மார்கள் இவற்றை அவசியம் காண வேண்டும்.

மூன்று ஏரிகள்

இக்காட்டைச் சார்ந்த விஹார், துளசி, பவாய் என்னும் மூன்று ஏரிகளும் இயற்கையாய் அமைந்தவை அல்ல. மனிதர் அணை கட்டி உண்டாக்கியவை. பம்பாயில் கிணறுகளும் குளங்களும் போதாமற்போன காலத்தில், ஹென்றி கானிபேர் என்னும் பொறியாளரின் திட்டப்படி மித்தி நதிப் பள்ளத்தாக்கில் விஹார் ஏரி கட்டப்பட்டது. 1856இல் தொடங்கிய வேலை 1860இல் முடிந்தது. போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் ரயில் ஓடியது 1853இல். ஆகவே ரயிலும் குழாய்த் தண்ணீரும் இந்நகருக்குப் பத்தாண்டுக்குள் வந்த இரட்டையர் எனலாம். விஹார் போதாது என்று 1879இல் துளசி ஏரி எழுந்தது. பவாய் ஏரி 1891இல் அமைந்தது. ஆயினும் அதன் நீர் குடிக்கத் தகுதியற்றதாயிற்று.

இன்று நகருக்கு நீர் தரும் ஏழு ஏரிகளுள் விஹாரும் துளசியும் மிகச் சிறியவை. குடிநீர்க் காப்பிடங்களாதலால் இவற்றின் கரைக்கு எவரும் நினைத்தபடி செல்ல இயலாது. கரை வரை சென்று காணத்தக்கது பவாய் ஒன்றே.

நதியை எதிர்த்து ஒரு வழி

சொந்தச் சைக்கிள் உள்ளவர்களுக்கு நாம் சிபாரிசு செய்யும் வழி தாராவியிலிருந்தே தொடங்குகிறது. சயான், குர்லா, சாக்கி நாக்கா, மரோல் வழியாக ஆரே காலனிக்குள் நுழைந்து, அங்கிருந்து பவாய் ஏரியை அடையலாம். ஆரே வரை ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். குர்லாவிலும் சாக்கி நாக்காவிலும் போக்குவரத்து கடுமையாதலால், கதிரவன் தோன்றும் வேளையிலேயே அப்பகுதியைக் கடந்துவிட வேண்டும்.

1949இல் பால் பண்ணைக்கென நிறுவப்பட்ட ஆரே காலனிக்குள் புகுந்ததும் காற்றே மாறிவிடுகிறது. மாட்டுக் கொட்டில்களின் வாசனை, மழை நனைத்த மண்ணின் மணம், வார்லி முதலிய பழங்குடியினரின் சிற்றூர்கள் எல்லாம் சேர்ந்து ஊர் நினைவை எழுப்புகின்றன. 2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக இங்கே ஓர் இரவில் மரங்கள் வெட்டப்பட்டபோது நகரமே கிளர்ந்தெழுந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். ஆரேயிலும் சிறுத்தை நடமாட்டம் உண்டு; அண்மை ஆண்டுகளில் மனிதர் உயிர் இழந்ததும் உண்டு. ஆதலால் நன்கு விடிந்தபின் நுழைந்து, கூட்டமாகச் சென்று, வெயில் இருக்கும்போதே திரும்புவது விவேகம். குழந்தைகளைத் தனியே முன்னே விடுதல் கூடாது.

சென்ற மழைக்காலத்தின் இறுதியில் நாங்கள் ஐவர் இவ்வழியே சென்றோம். தாராவியில் தோல்பை தைக்கும் திருநெல்வேலி நண்பர் ஒருவர் தம் பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். பவாய்க் கரையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அச்சிறுமி கேட்டாள்: “மாமா, ஏரி நிரம்பினா தண்ணி எங்கே போகும்?”

நாம் விடை சொல்லுமுன் அவள் தந்தை சிரித்தார். “நம்ம வீட்டுக்குப் பின்னாலதான் வரும், தாயி. நாம மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுறோமே, அதேதான்.”

சிறுமி நம்பவில்லை. ஏரியை ஒருமுறை பார்த்தாள். தந்தையை ஒருமுறை பார்த்தாள். “அந்தச் சாக்கடையா?” என்றாள்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மித்தி நதி. சாக்கி நாக்கா வழியாக, விமான நிலையத்து ஓடுபாதையின் அடியில் புகுந்து, குர்லாவைக் கடந்து, தாராவியைத் தொட்டு, மாஹிமில் கடலோடு கலக்கிறது. ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குள் தெளிந்த நீர் கறுத்துப் போகிறது. நாங்கள் காலையில் வந்த வழியும் நதி வந்த வழியும் கிட்டத்தட்ட ஒன்றே, திசைதான் வேறு.

வெட்டிய பூமி பசுமை பெறுமா?

பவாய்க்கு அருகே சாந்திவலிப் பக்கத்தில் முன்பு கற்சுரங்கங்கள் இருந்தன. நகரின் கட்டடங்களுக்குக் கல் தந்த மலைகள் பலவும் இப்படிக் குடையப்பட்டவையே. இவ்வாறு காயப்பட்ட பூமி மீண்டும் அழகு பெறுமா என்ற கேள்வி எழும். பெறும் என்பதற்கு உலகில் சான்றுகள் உள்ளன.

நம்மவர் பலர் குடியேறிய மலேசியாவில், தைப்பிங் நகரத்து ஏரித் தோட்டம் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் மேல் 1880இல் உருவாயிற்று. இன்று நெடுமரங்கள் நீரைத் தொடத் தாழ்ந்து நிற்கும் அக்கரையைச் சுற்றி மக்கள் சைக்கிளில் உலவுகின்றனர். அந்நாட்டின் முதல் இருப்புப்பாதையும் 1885இல் அதே தைப்பிங்கிலிருந்துதான் புறப்பட்டது என்பதை ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஜெர்மனியின் லுசாட்சியாப் பிரதேசத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டிய பெருங்குழிகளில் நீர் நிரப்பி ஏரிகள் ஆக்கியிருக்கின்றனர். அவற்றுள் சென்ஃப்டன்பெர்க் ஏரி 1973இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது ஏரிக்கு ஏரி சைக்கிள் பாதைகள் தொடர்ந்து செல்கின்றன.

ஆயினும் சுரங்கக் குழியில் அபாயம் உண்டு. தோண்டிக் கொட்டிய மண் இறுகாமல் தளர்ந்திருப்பதால் கரை சரியும். 2009இல் அதே ஜெர்மனியில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில் இத்தகைய ஏரிக்கரை சரிந்து மூவர் மாண்டனர். நம் பக்கத்துக் கற்குவாரிகளில் மழைநீர் தேங்கும்போது அது பச்சை நிறத்துடன் அழகாகத் தோன்றும். ஆனால் செங்குத்தான ஆழம் உடையது, ஏறிவரப் படி இராது. சிறுவர்கள் அதில் இறங்குவதைப் பெற்றோர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

தொலைதூரம் போக இயலாதவர்களுக்குத் தாராவியின் எதிரிலேயே ஓர் அதிசயம் இருக்கிறது. மித்திக் கரையில் குப்பை கொட்டிய மேடு ஒன்று மரம் நட்டுக் காடாக்கப்பட்டு, மஹாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்ற பெயரில் 1994இல் திறக்கப்பட்டது. சுமார் முப்பத்தேழு ஏக்கர். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடந்தே சுற்றலாம்.

ஏரிக்குள் பாதை வேண்டா

சைக்கிள் நல்லது என்பதற்காக அதற்கென எங்கும் பாதை போடலாம் என்பதும் சரியன்று. பவாய் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பாதை அமைக்க மாநகராட்சி முற்பட்டது. கம்பிவலைக்குள் கல்லை நிரப்பி நீரோரத்தில் அடுக்கினர். அந்த ஏரியில் முதலைகள் வாழ்கின்றன; நாணலோரத்தில் பறவைகள் கூடு கட்டுகின்றன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2022 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வேலை சட்டவிரோதமானது என்றும், போட்டதை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

சைக்கிள் ஓட்டுவோர் சிலருக்கு இத்தீர்ப்பு ஏமாற்றமாயிருந்தது. நாம் அதை வரவேற்கின்றோம். ஏரியின் நீர்ப்பிடிப்பு சுருங்கினால் வெள்ளம் எங்கே வரும் என்பது கீழே வாழும் நமக்குத் தெரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்ததை, பெட்டி படுக்கையைத் தலையில் சுமந்து நின்றவர்கள் எவரும் மறக்கமாட்டார்கள். மேலே ஏரிக்கு ஓர் அடி இடம் குறைந்தால், கீழே நம் அறைக்குள் ஓர் அடி நீர் ஏறும். ஆகவே ஏரியைப் பார்க்கச் செல்லும் நாம், இருக்கும் சாலையிலேயே சென்று, நீரோரத்தை நீரில் வாழ்வனவற்றுக்கு விட்டுவிடுவோமாக.

சகோதரிகளுக்கும் ஒரு சொல்

சைக்கிள் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்ற கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். கல்குவாரியில் உழைத்த பெண்களும் அவர்களுள் உண்டு. எவர் துணையும் இன்றிச் சந்தைக்கும் பள்ளிக்கும் செல்லும் துணிவை அது அவர்களுக்கு அளித்தது. இங்கே மாதுங்காவின் ஐந்து பூங்காக்களைச் சுற்றியுள்ள நிழற்சாலைகள் அதிகாலையில் அமைதியாயிருக்கும். பழகுவதற்கு அதைவிட ஏற்ற இடம் இல்லை.

புறப்படுமுன் பிரேக்கையும் காற்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். குடிநீரும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கையில் இருக்கட்டும். மழை வலுத்த நாளில் பயணத்தை ஒத்திவையுங்கள். காட்டில் பாட்டுப் பெட்டி வேண்டா. குரங்குக்குத் தின்பண்டம் வேண்டா. கொண்டுபோன காகிதமும் பையும் வீட்டுக்கே திரும்பி வரட்டும்.

இந்நகரின் நீரைக் குடித்து வளரும் நம் பிள்ளைகள், அந்நீர் பிறக்கும் இடத்தை ஒருமுறையாவது கண்டால், வாசலில் ஓடும் நதியில் குப்பையை வீச அவர்கள் கை தயங்கும். ஊரின் குளத்தை நாம் எப்படிக் காத்தோமோ, அப்படி இதையும் தமதென்று எண்ணுவார்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டுமே.