கழுத்து வலியும் கைரோபிராக்டிக் வைத்தியமும்

இந்தப் பக்கங்களில் வழக்கமாக வரி, உரிமம், தராசு முத்திரை என்றுதான் எழுதுவோம். இம்முறை கழுத்தைப் பற்றி எழுதும்படி உறுப்பினர்கள் நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டார்கள். பெரிய நகரங்களில் ‘கைரோபிராக்டிக்’ என்ற பெயரில் வைத்தியசாலைகள் நடக்கின்றன. கழுத்தை முறுக்குவதில்லை, நெட்டி முறிப்பதில்லை, அவரவர் கழுத்தைத் தனியாகப் படமெடுத்து, கோணம் அளந்து, மேல் எலும்பை லேசாகத் தொட்டே சரி செய்கிறோம் என்று அவற்றில் சில விளம்பரம் செய்கின்றன. செல்போனில் அதைப் பார்த்த நம்மவர்கள் போகலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

கேட்பதில் ஆச்சரியம் இல்லை. காலை முதல் குனிந்து பில் போடுகிறோம். அண்ணாந்து மேல் தட்டு டப்பாவை எடுக்கிறோம். இரண்டு கையிலும் பொட்டலம் இருக்க, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஆர்டர் எழுதுகிறோம். நம் தலை சுமார் ஐந்து கிலோ எடை. நேராக நிமிர்ந்திருந்தால் கழுத்துக்கு அவ்வளவுதான் சுமை. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோவுக்குச் சமம் என்று நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டுக் காட்டினார். கணக்குதான், யார் கழுத்திலும் தராசு வைத்துப் பார்த்ததல்ல. இருந்தாலும் ஒரு சிப்பம் அரிசியைப் பிடரியில் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் வைத்தியன் அல்ல, மளிகை மொத்த வியாபாரி. சரக்கின் தரத்தை விசாரித்துவிட்டுக் கொள்முதல் செய்வது நம் வழக்கம். அந்த வழக்கப்படி படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மேல் கழுத்து என்பது என்ன? கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். மேலே உள்ள முதல் எலும்புக்கு அட்லஸ் என்று பெயர். வானத்தைத் தோளில் தாங்கியதாகக் கிரேக்கக் கதையில் வரும் அட்லஸின் பெயரை, தலையைத் தாங்குவதால் இதற்கு வைத்தார்கள். மற்ற எலும்புகளைப் போலன்றி இது வெறும் வளையம், சும்மாடு மாதிரி. அடுத்த எலும்பான ஆக்சிஸிலிருந்து ஒரு முளை மேலே எழும்பி இந்த வளையத்துக்குள் நிற்கிறது. திருகைக் கல்லின் நடுவில் உள்ள முளையைப் பார்த்திருப்பீர்கள், அதே அமைப்பு. நாம் தலையை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி இந்த ஓர் இணைப்பில்தான் நடக்கிறது. முளைக்குப் பின்னால் தண்டுவடம் இறங்குகிறது. இரண்டு பக்கமும் எலும்பில் உள்ள துளைகள் வழியாக ஒவ்வொரு ரத்தக்குழாய் ஏறி, அட்லஸின் மேல் வளைந்து மூளைக்குள் போகிறது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் போவது இந்த இரண்டு குழாய்களால்தான். இத்தனை முக்கியமான சமாசாரம் இரண்டு விரல்கடை இடத்துக்குள் அடங்கியிருப்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கைரோபிராக்டிக் அமெரிக்காவில் பிறந்தது. அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் 1895 செப்டம்பரில் டி.டி. பால்மர் என்பவர், காது மந்தமான ஒரு கட்டடப் பணியாளரின் முதுகெலும்பில் ஒன்றை அழுத்தித் தள்ளியதும் அவருக்குக் காது கேட்டது என்பது அவர்கள் சொல்லும் ஆதி வரலாறு. காது நரம்பு அந்த வழியாகப் போகவே இல்லை என்று மருத்துவர்கள் அன்றிலிருந்து மறுத்து வருகிறார்கள். இந்தப் பால்மர் ஒரு காலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் என்பது நமக்குச் சுவாரஸ்யமான செய்தி. அதே 1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். பால்மரின் மகன் பி.ஜே. பால்மர் 1910-ல் எக்ஸ்ரேயை இந்த வைத்தியத்துக்குள் கொண்டுவந்தார். 1930-களில் முதுகு முழுவதையும் விட்டுவிட்டு மேல் இரண்டு எலும்புகளை மட்டும் கவனித்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தார். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் ஜான் கிராஸ்டிக், ரால்ஃப் கிரிகரி என்ற இருவர் படத்தின் மேல் கோடு போட்டுக் கோணம் அளக்கும் முறையைத் திருத்தமாக வகுத்தார்கள். கிரிகரி தலைமையில் 1966-ல் இதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது.

முறை இதுதான். முன்னிருந்து, பக்கத்திலிருந்து, தலைக்கு மேலிருந்து என்று மூன்று திசையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சில இடங்களில் பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் கூம்புக் கதிர் ஸ்கேனைப் பயன்படுத்துகிறார்கள். மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையே எத்தனை டிகிரி சாய்வு என்று அளக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு என்பதால் தள்ளும் திசையும் வேறு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, காதுக்குக் கீழே கையால் மிக லேசாக அழுத்துகிறார்கள், அல்லது ஒரு சிறு கருவியால் தட்டுகிறார்கள். சத்தம் கேட்காது, திருப்பல் கிடையாது. முரட்டுத்தனமாகத் திருகுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகம் இல்லை.

குணம் தெரிகிறதா என்றால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். சாதாரணக் கழுத்து வலிக்குக் கைவைத்தியத்தால் பலருக்குச் சற்று நிவாரணம் கிடைக்கிறது. தேகப்பயிற்சியாலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று சொல்வதற்கு 2007-ல் வெளியான சிகாகோ ஆய்வைக் காட்டுவார்கள். 50 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையாகவும் மற்றதற்குப் பாவனையாகவும் அட்லஸைச் சரிசெய்து எட்டு வாரம் கழித்துப் பார்த்ததில், மேல் அளவு முதல் குழுவுக்குச் சராசரி 17 புள்ளியும் மற்றதற்கு 3 புள்ளியும் இறங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் 50 பேர் என்பது நம் சங்கத்தின் ஒரு தெருக்கிளை அளவு. ஒரு மூட்டையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு லாரி லோடுக்கு விலை பேச மாட்டோம் அல்லவா? இதை நம்பி பி.பி. மாத்திரையை நிறுத்தியவருக்குப் பக்கவாதம் வந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாத்திரை மாத்திரையாக இருக்கட்டும்.

இனி படத்துக்கு வருவோம். நான் விசாரித்த வரையில் இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எலும்பு அரை டிகிரி, ஒரு டிகிரி சாய்ந்திருப்பதால் நோய் வருகிறது என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. நம் இரண்டு கால் செருப்பு அளவே ஒன்றாக இருப்பதில்லை, எலும்பு மட்டும் இரு பக்கமும் சமமாகவா இருக்கும்? ஜப்பானில் கழுத்து வலி எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. அவர்களில் 87 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எலும்புக்கு இடையே உள்ள சவ்வு பிதுங்கியிருந்தது! வலியே இல்லாதவர்களின் நிலை இது. ஆகவே “உங்கள் படத்தில் தேய்மானம் தெரிகிறது, இருபது தடவை வர வேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி” என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். முன்னேற்றம் பார்ப்பதற்கென்று மறுபடி மறுபடி படம் எடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017-ல் தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை கூறியிருக்கிறது. ஒரு கழுத்து எக்ஸ்ரேயின் கதிர் குறைவுதான். சி.டி. ஸ்கேன் என்றால் அதைப் போலப் பல மடங்கு.

அப்படியானால் படமே வேண்டாமா? எந்தப் பக்கம் தள்ளுவது என்று பார்ப்பதற்கு அது எவ்வளவு தேவை என்பது விவாதத்துக்குரியது. எந்தக் கழுத்தைத் தொடவே கூடாது என்று கண்டுபிடிப்பதற்குத் தேவைப்படும்போது அது உயிர் காக்கும். முடக்குவாதம் நெடுநாளாக உள்ளவர்களுக்கு, அட்லஸையும் அந்த முளையையும் பிணைத்திருக்கும் தசைநார் அரித்துத் தளர்ந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. லேசாகத் தள்ளினாலும் முளை பின்னால் நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கலாம். எலும்பு அடர்த்தி குறைந்த வயதானவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள்.

இன்னொரு வகை நம் தொழிலில் அதிகம். கழுத்தெலும்பு வளர்ந்து தண்டுவடத்தை மெல்ல நெருக்குவது. இதில் வலி பெரிதாக இராது. கல்லாவில் சில்லறை பொறுக்கும்போது விரல் தடுமாறும், சட்டைப் பித்தான் போட வராது, கையெழுத்து மாறும், நடை பஞ்சில் மிதிப்பது போல் தள்ளாடும். வயசாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பியல் அல்லது எலும்பு நிபுணர் பார்க்க வேண்டும். தட்டுவதோ திருகுவதோ அறவே கூடாது. தலையில் சுமப்பவர்களை இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டுத் தலைச்சுமைக்காரர்களைப் படமெடுத்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்குக் கழுத்துத் தேய்மானம் மிகுதியாக இருந்தது. பண்ருட்டியில் பலாப்பழச் சீசனில் மண்டியில் பழம் இறக்குகிறவர்களையும், முந்திரி மூட்டை தூக்குகிறவர்களையும் தினமும் பார்க்கிறோம். ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நூறு கிலோ மூட்டைகள் போய் 50 கிலோ வந்தது அவர்கள் கழுத்துக்கு நல்லதாயிற்று. (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் வந்ததே, அது கழுத்தைப் பார்த்து வந்ததல்ல!) சுமை தூக்குகிறவர் “கை மரத்துப் போகிறது ஐயா” என்று சொன்னால் தைலம் வாங்கக் காசு கொடுத்து அனுப்பிவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

தலைசுற்றலையும் கழுத்தின் கணக்கில் எழுதுவது நம் வழக்கம். படுக்கையில் புரளும்போது சில விநாடி சுற்றினால், பெரும்பாலும் உள்காதில் உள்ள நுண்ணிய துகள்கள் இடம் மாறியதுதான் காரணம். காது மூக்குத் தொண்டை மருத்துவர் தலையை ஒரு முறைப்படி மெல்லத் திருப்பிப் படுக்க வைத்தே பலருக்கு அங்கேயே சரிசெய்துவிடுவார். அதற்குக் கழுத்து எக்ஸ்ரே தேவையில்லை.

கைரோபிராக்டிக்குக்குச் செலவழித்து நகரத்துக்குப் போகிறவர் சிலர்தான். முடிவெட்டும் கடையில் கடைசியில் தலையைப் பிடித்து ‘டக்’ என்று திருப்பிவிடச் சொல்கிறவர் பலர். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் 2017-ல் டெல்லி பக்கத்தில் இப்படிச் செய்துகொண்ட ஒருவருக்கு உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு பழுதாகி மூச்சு விடவே சிரமப்பட்டது. 2024-ல் கர்நாடகத்தில் பல்லாரியைச் சேர்ந்த முப்பது வயதுக்காரருக்குக் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தது. இருவரும் முடிதிருத்தும் இடத்தில் கழுத்துப் பிடித்துவிட்டுக்கொண்டவர்கள். குழாயின் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கிறது. இப்படி நேர்வது மிக அரிது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. ரத்தக்குழாய் தானாகக் கிழியத் தொடங்கினாலும் முதலில் வருவது கழுத்து வலிதான். அந்த வலிக்காகத்தான் அவர் பிடித்துவிடச் சொல்லிப் போகிறார். திருகியதால் கிழிந்ததா, கிழிந்ததால் போனாரா என்று பல சமயம் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு காணப்படுவதைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதய நோய்ச் சங்கம் 2014-ல் அறிவித்தது. இதுவரை இல்லாத தினுசில், திடீரென்று ஒரு பக்கக் கழுத்தும் பின்தலையும் வலித்தால் யாரையும் அந்த இடத்தைத் தொட விடாதீர்கள்.

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. பிரிட்டனில் 1994-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே பலகையைப் பார்த்து நம்ப முடியாது. எங்கே படித்தார், எத்தனை வருடப் படிப்பு, திருகுவாரா லேசாக அழுத்துவாரா, ஆறு தடவையில் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவாரா என்று கேளுங்கள். முடக்குவாதம் உண்டா, கை மரக்கிறதா என்று அவர் உங்களைக் கேட்கிறாரா என்பதையும் பாருங்கள். கேட்காதவரிடம் கழுத்தைக் கொடுக்க வேண்டாம். நம்முடைய தொக்கணம், வர்மம் செய்கிறவர்களுக்கும் இதே கேள்விகள்தான். தாம்பரம் சானட்டோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் படித்த மருத்துவர்கள் இவற்றைச் செய்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவர் வேறு.

பெரும்பாலான கழுத்து வலி சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். பில் புத்தகத்தை உயரமான பலகையில் வையுங்கள், அதிகம் விற்கும் டப்பாவை நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். மெடிக்கலில் வாங்கிய கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் தசை இளைத்துவிடும். அதற்குப் பதில் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைச் செய்யலாம். ஆறு வாரம் தாண்டியும் வலி நின்றால், அல்லது கையில் பலம் குறைந்தால், கடலூர் அரசு மருத்துவமனையிலோ சிதம்பரத்தில் 2021-ல் அரசு ஏற்றுக்கொண்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கத்திலோ புதுவை ஜிப்மரிலோ காட்டலாம்.

கழுத்தைப் பிடித்துவிட்ட அன்றோ அடுத்த சில நாட்களிலோ வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால் உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்த நேரத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், முதல் அறிகுறி எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பதைக் கூடப் போகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுக்கட்டும். கழுத்தைத் திருகிய விஷயத்தையும் மறைக்காமல் சொல்லட்டும்.