கைக்கு எட்டும் விலை, கண்ணுக்குத் தெரியும் சரக்கு

ஊறுகாய், வடகம், இட்லிப் பொடி, மெழுகுவர்த்தி, சோப்புத்தூள், தையல் என்று ஏதேனும் ஒரு சிறுதொழிலைத் தொடங்கிப் பார்க்காத குடும்பம் நம்மிடையே அரிது. மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகும். சுய உதவிக் குழுவில் கடன் எடுக்கப்படும். அரைவை இயந்திரமோ தையல் இயந்திரமோ வீட்டுக்கு வந்து சேரும். முதல் மாதம் உறவினர் வாங்குவர். இரண்டாம் மாதம் அண்டை வீட்டார் வாங்குவர். மூன்றாம் மாதம் வாங்குவார் இல்லை. இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடக்க, வட்டி மட்டும் தவறாமல் வளர்ந்துகொண்டிருக்கும். சரக்கில் குறையா என்றால் அதுவுமில்லை. உண்டவர் எல்லாரும் புகழ்ந்த ஊறுகாய்தான் அது.

நல்ல பொருளை ஆக்கிவிட்டால் அது தானே விலைபோகும் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பொருளை ஆக்குவதைப் போலவே, அதை வாங்குவோரின் கையில் கொண்டு சேர்ப்பதும் தனியே கருத்தூன்றிச் செய்ய வேண்டிய உழைப்பு என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. இதை விளக்கக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் கடலூரிலேயே தந்தையும் மகனுமாக இருவருடைய வரலாறு இருக்கின்றது.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் சிறிய அளவில் தயாரித்து வந்தவர். தாம் செய்யும் பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்ஷா இழுப்பவரும் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய உறுதி. முகப்பவுடர் தகர டப்பாவில் மட்டுமே விற்ற காலத்தில் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சிறு அளவுகளில் கொண்டுவந்தார். பேதியுப்பு 100 கிராம் பொட்டலமாகக் கிடைத்தபோது அதை 5 கிராம் பொட்டலமாக்கினார். டப்பாவாக வாங்க இயலாத ஏழை, ஒரு வேளைக்கு வேண்டியதை வாங்கட்டும் என்பதே எண்ணம். திரவப் பொருள்களையும் இவ்வாறே சிறு பாக்கெட்டுகளில் அடைக்கலாம் என்று கண்டவரும் அவரே. இன்று நாடெங்கும் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குகின்றனவே ஷாம்பு பாக்கெட்டுகள், அவற்றின் முன்னோடி அவர் எனலாம்.

ஆயினும் அவர் செல்வராகவில்லை. பொருளை உருவாக்குவதில் இருந்த திறமை அதை ஊர் ஊராகக் கொண்டு செல்வதில் அமையவில்லை என்றும், ஒரு பொருள் ஓடாதபோது அதை விட்டு வேறொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார் என்றும் அவருடைய மகனே பிற்காலத்தில் நேர்காணல்களில் கூறியிருக்கின்றார். பொன்னான கருத்து ஒன்று கையில் இருந்தும் பயன் தராமல் கிடந்தது. நம் ஊர்களில் எத்தனையோ கைத்திறன் மிக்கவர்களின் நிலை இதுதான் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

தந்தை மறைந்த பின் மூத்த சகோதரர்கள் வெல்வெட் என்னும் பெயரில் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்று வெற்றி கண்டனர். இளைய சகோதரரான சி. கே. ரங்கநாதன் சில மாதங்கள் அவர்களோடு இருந்தார். கருத்து வேறுபாட்டால் வெளியேறினார். அவர் கையில் இருந்தது 15,000 ரூபாய். 1983-ஆம் ஆண்டு அந்தப் பணத்தில் தனியே ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். வீடும் அலுவலகமுமான ஓர் இடத்துக்கு மாத வாடகை 250 ரூபாய். தொழிற்கூடத்துக்கு 300 ரூபாய். பாக்கெட் அடைக்கும் இயந்திரம் 3,000 ரூபாய். தந்தையின் பெயரை நினைவூட்டும் வகையில் ஷாம்புவுக்குச் சிக் என்று பெயரிட்டார். பிணையம் காட்டச் சொத்து இல்லாமையால் மூன்று ஆண்டுகள் எந்த வங்கியும் கடன் தரவில்லை. பின்னர் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது.

இனி அவர் செய்தவற்றைப் பார்ப்போம். அக்காலத்துச் சிற்றூர்களில் தலைக்குச் சீயக்காய்தான்; பெரும்பாலோர் தலையில் சோப்பைத்தான் தேய்த்தனர். ஷாம்பு என்பது நகரத்துச் செல்வர் வீட்டுப் பொருள் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. செய்தித்தாள் விளம்பரம் படிக்காதவரைச் சென்று சேராது. ஆகவே அவருடைய ஆட்கள் சிற்றூர்களுக்கே சென்றனர். ஊரார் கூடியிருக்கும் இடத்தில் ஒரு பையனை அமர்த்தி, எல்லாரும் பார்க்க அவன் தலையில் ஷாம்பு தேய்த்துக் கழுவினர். பிறகு சுற்றி நின்றவர்களை அவன் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினிகாந்த் நடித்த திரைப்படங்களைத் தம் செலவில் திரையிட்டு, இடையே தம் விளம்பரத்தைக் காட்டினர். படம் முடிந்ததும் இலவசப் பாக்கெட்டுகள் வழங்கப்பட்டன. இப்படி ஒரு காட்சி நடந்த ஊரில் விற்பனை மூன்று நான்கு மடங்காக உயர்ந்தது என்று ரங்கநாதன் குறிப்பிட்டிருக்கின்றார். கண்ணால் கண்டு கையால் தொட்டதை மக்கள் நம்பினர்.

இதைவிடக் கூர்மையானது அவருடைய அடுத்த திட்டம். எந்த நிறுவனத்தின் ஷாம்புவாயினும் சரி, ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். ஏற்கெனவே ஷாம்பு பயன்படுத்துகிறவர் யார் என்று வீடு வீடாகத் தேட வேண்டிய அவசியம் இல்லாமற்போயிற்று. அவர்களே காலிப் பாக்கெட்டைச் சேர்த்துக்கொண்டு கடைக்கு வந்தனர். பிறர் செலவிட்டு உருவாக்கிய வாடிக்கையாளர் கையில் தம் பொருளை வைத்துவிட்டார்! சில காலம் சென்றபின், சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார். சுவை கண்டவர்கள் சிக்கையே கேட்டு வாங்கத் தொடங்கினர். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ரூபாயாக வளர்ந்தது என்பது அவரே சொன்ன கணக்கு.

பின்னர் மல்லிகை மணமும் ரோஜா மணமும் சேர்த்தார். கூந்தலில் பூச்சூடும் பெண்கள் வாழும் நாட்டில் இதைவிடப் பொருத்தமான மணம் வேறென்ன இருக்க முடியும்? நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றினார். விலை ஒரு காலத்தில் 50 காசு வரை இறங்கியது. சிக் இந்தியா என்று தொடங்கிய நிறுவனம் 1990-இல் பியூட்டி காஸ்மெட்டிக்ஸ் ஆயிற்று; 1998-இல் கெவின்கேர் என்று பெயர் மாறியது. அழகைக் குறிக்கும் ‘கவின்’ என்னும் தமிழ்ச்சொல் அதில் ஒளிந்திருப்பது பலர் கவனிக்காத செய்தி.

இலவசமாகக் கொடுத்துப் பழக்குவது அவருக்கு முன்பும் இருந்த வழிதான். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ், இசைக் கச்சேரிகளுக்கு வந்தவர்களிடம் அதை இலவசமாகக் கொடுத்து அறிமுகம் செய்தார். நெடுநேரம் உட்கார்ந்து தலைவலி கண்டவரிடம் தைலத்தைக் கொடுத்தால் அவர் மறப்பாரா? எவருக்குத் தேவையோ, எப்போது தேவையோ, அங்கே கொடுத்தார். கோவில் திருவிழாக் கூட்டத்தில் எதிர்ப்பட்டவர்க்கெல்லாம் துண்டுத்தாள் நீட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைப் படித்துவிட்டு நாளையே எல்லாவற்றையும் சிறு பாக்கெட்டில் அடைக்கத் தொடங்கிவிட வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இட்லிப் பொடி செய்யும் ஒரு குடும்பத்துக்குக் கிலோவுக்கு 200 ரூபாய் பொருட்செலவு ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் பாக்கெட்டை 80 ரூபாய்க்கு விற்றால், பொடிக்கு 40, உறைக்கு 2, கடைக்காரர் பங்கு 14 போக 24 ரூபாய் மிஞ்சும். இரண்டு கிலோவுக்குப் பத்துப் பாக்கெட். மிச்சம் 240 ரூபாய். அதே இரண்டு கிலோவை 20 கிராம் பாக்கெட்டாக்கிப் பத்து ரூபாய்க்கு விற்றால், ஒவ்வொன்றிலும் பொடிக்கு 4, உறைக்கு 1, கடைக்காரருக்கு 2 போக 3 ரூபாய்தான் நிற்கும். நூறு பாக்கெட்டுக்கு 300 ரூபாய். ஆக, அறுபது ரூபாய்க்காகத் தொண்ணூறு பாக்கெட்டுகள் கூடுதலாக நிறுத்து, அடைத்து, ஒட்ட வேண்டும். எரிவாயு, பேருந்துக் கட்டணம், இரவு கண்விழித்துப் பாக்கெட் ஒட்டும் மகளின் உழைப்பு இவையெல்லாம் அந்தப் பணத்திலிருந்தே வர வேண்டும்.

பின் எதற்காகச் சிறு பாக்கெட்? 80 ரூபாய் கொடுத்துச் சுவை பார்க்கத் துணியாதவர் பத்து ரூபாய் கொடுத்துப் பார்ப்பார். இதுவரை வாங்காதவரை உள்ளே அழைத்துவரும் வாசல் அது. உள்ளே வந்தவர் பெரிய பாக்கெட்டைக் கேட்கும்போதுதான் குடும்பத்துக்கு வருவாய் நிலைக்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், தனியே வாழும் முதியோர் போன்ற சிலருக்கு மட்டும் என்றுமே சிறு பாக்கெட்தான் ஏற்றது. தம் பகுதியில் இவர்களில் யார் மிகுதி என்று அறியாமல் அளவை முடிவு செய்தல் ஆகாது.

கடனுக்குச் சரக்குப் போடுவதில்தான் நம்மவர் பெரிதும் வீழ்கின்றனர். பத்துக் கடைகளில் சரக்கு வைத்துவிட்டு, “விற்றால் தருகிறேன்” என்ற சொல்லை நம்பி முதலை முடக்கிவிடுகின்றனர். கடைக்காரர் தம் பணம் போட்டு வாங்கிய பொருளைத்தான் முன்வரிசையில் வைப்பார். பணம் போடாத பொருள் பின்வரிசையில் தூசி படியும். இது அவர் குற்றமன்று, வாணிகத்தின் இயல்பு. முதலில் இரண்டே கடைகளுக்குக் குறைந்த அளவில் ரொக்கத்துக்குக் கொடுத்து, வாரம் ஒருமுறை நேரில் சென்று எத்தனை விற்றது, யார் வாங்கினர், என்ன சொன்னார்கள் என்று கேட்டு நோட்டில் குறித்து வரலாம். உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும், உறையின் மேல் எடை, விலை, தயாரித்த நாள் ஆகியவையும் கட்டாயம். இவை இல்லாத பொருளை விவரமறிந்த கடைக்காரர் வாங்கமாட்டார்.

சிறு பாக்கெட்டின் மறுபக்கம் ஒன்றையும் மறைக்கலாகாது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறையை மறுசுழற்சி செய்வது கடினம். ஏழைக்கு ஷாம்புவைத் தந்த அதே உறை, இன்று அவன் தெருச் சாக்கடையை அடைத்துக்கொண்டு நிற்கின்றது. உள்ளூரிலேயே விற்பவர்க்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. வாங்குகிறவரே கிண்ணமோ சீசாவோ கொண்டுவந்தால், பத்து ரூபாய்க்கு வேண்டினாலும் நிறுத்துக் கொடுக்கலாம். உறைச் செலவாகிய அந்த ஒரு ரூபாய்க்கு ஒரு கரண்டி பொடியைக் கூடவே போட்டுக் கொடுத்தால், அடுத்த வாரமும் கிண்ணம் அந்த வாசலுக்கே வரும்.