மதுரையிலிருந்து ஸமுத்திரத்துக்கு

மதுரைக்காரர்களுக்கு எல்லாம் உண்டு. ஸமுத்திரம் ஒன்றுதான் கிடையாது. கோயில் இருக்கிறது, கோபுரங்கள் இருக்கின்றன, மல்லிகைப் பூ இருக்கிறது, வருஷத்தில் சில நாள் தண்ணீர் ஓடும் நதி ஒன்றுகூட இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றாலோ நூறு மைலுக்குக் குறையாமல் பிரயாணம் செய்து ராமேசுவரம் போய்ச் சேர வேண்டும். அந்த யாத்திரையில் வைகை நதியே பெரும்பாலும் வெற்றி பெறுவதில்லை. மானாமதுரை, பரமக்குடி வழியாக ஆசையுடன் கிழக்கே புறப்பட்டு, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அது ஓய்ந்து படுத்துவிடுகிறது. வெள்ளம் மிகுந்த வருஷங்களில் மட்டும் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற கிராமத்தருகே கடல் முகத்தைக் காணும். நதிக்கே இந்தக் கதியென்றால், முழங்கால் வலியுள்ள 74 வயது மூதாட்டியைப் பற்றிக் கேட்பானேன்?

அந்த மூதாட்டி என் தாயார். என் தந்தையார் 2022-ம் வருஷம் ஆடி மாதத்தில் காலமானார். வருஷந்தோறும் அவருடைய திதியை ராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தக் கரையில்தான் நடத்த வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். ஆகவே ஆனி மாதம் பிறந்ததுமே எங்கள் வீட்டில் ஒரு மகாநாடு கூடிவிடும். பஸ்ஸா, காரா, ரயிலா என்பதுதான் விவாதத்துக்குரிய பொருள்.

முதல் வருஷத்தில் விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. 1914-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றையும் அலைகளையும் தாங்கிக் களைத்துப் போனபடியால், 2022 டிஸம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே புதிய பாலம் எழும்பிக் கொண்டிருந்தது. 2023-ல் நாங்கள் ராமநாதபுரம் மட்டும் ரயிலில் போய், அங்கிருந்து பஸ் ஏறினோம். மூட்டை முடிச்சுகளுடன் ரயிலிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையம் போய், அங்கே உயரமான படிகளில் அம்மாவை ஏற்றி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரே பிரயாணத்தை இரண்டாக ஒடித்தால் சிரமம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நாலு மடங்கு ஆகிறது. இது நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கும் கணக்கில் சேராத கணக்கு.

மறு வருஷம் என் தமக்கையின் கணவர் தம்முடைய காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். "அத்தை, நீங்க ஒரு படிகூட ஏற வேண்டாம். வாசல்ல ஏறி அக்கினி தீர்த்தத்துல இறங்கிக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பரமக்குடி வரையில் நால்வழிச் சாலை. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. வழியில் திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்தோம். கார்க்காரர்களுக்கு மட்டும் கிட்டும் பாக்கியம் இது. உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், திருப்புல்லாணி ஆகிய மூன்று தலங்களும் ரயில் பாதையை விட்டு விலகி இருப்பவை. பிறகு கடல்மேல் போடப்பட்ட சாலைப் பாலத்தில் ஏறினோம். 1988 அக்டோபர் 2-ந் தேதி திறக்கப்பட்ட பாலம் அது. இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். நடுப் பாலத்துக்கு வந்ததும் வண்டிகள் எல்லாம் நின்றுவிடுகின்றன. நிறுத்தக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கீழே படகுகளும், பக்கத்தில் ரயில் பாலமும், இரு புறமும் இரு வேறு நிறத்தில் கடலும் தெரியும்போது சட்டத்தை யார் நினைக்கிறார்கள்? நாங்களும் நினைக்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறு நாள் காலை ஸங்கல்ப ஸ்நானம் முடிந்து கரையேறும்போது அம்மா அப்படியே மணலில் சாய்ந்துவிட்டார். அரை மணி நேரம் நாங்கள் பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம். பார்க்க வந்த டாக்டர் "உடம்பில் தண்ணீரே இல்லை" என்றார். ஆடி மாத வெயில் என்று நாங்கள் வெயிலைக் குற்றம் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

இப்படியாக 2025-ம் வருஷம் வந்தது. ஏப்ரல் 6-ந் தேதி, ஸ்ரீராம நவமியன்று, புதிய பாம்பன் பாலத்தைப் பிரதம மந்திரி திறந்து வைத்தார். மறுபடியும் மதுரையில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனி மாதத்தில் வழக்கம்போல் மகாநாடு கூடியது. அத்தான் காருக்காக வாதாடினார். என் தம்பி பஸ் கட்சி. "மாட்டுத்தாவணிக்குப் போனா எந்நேரமும் பஸ் இருக்கு. ரயில் அப்படியா? நாளைக்குச் சில வண்டிதான், தவறவிட்டா அவ்வளவுதான்" என்று அவன் சொன்னதும் நியாயமே. நான் ஒரு காகிதத்தை எடுத்து மூன்று கட்டம் போட்டு, கட்டணம், நேரம், சௌகரியம் என்று எழுதிக் கணக்குப் போட ஆரம்பித்தேன். நேரத்தில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பெரிய வித்தியாஸம் இல்லை. இரண்டும் ஏறக்குறைய நாலு மணி நேரம். கட்டணத்தில் முன்பதிவு இல்லாத ரயில் வண்டிக்கு இணையே கிடையாது. சௌகரியத்தில் காரே முதல் என்று மார்க் போட்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பெண் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "போன வருஷம் பாட்டி கிளம்பினதிலேருந்து தண்ணியே குடிக்கலைப்பா. எனக்குத்தான் தெரியும். பாட்டிலை என்கிட்டே குடுத்து, நீ குடிச்சுடுன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

வீடு நிசப்தமாகிவிட்டது. அம்மா சுவரைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாராம்: "மாப்பிள்ளை வண்டி ஓட்டறார். வழியில நிறுத்துங்கன்னு அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? நிறுத்தினாலும் எங்கே போறது?" அதற்கு முந்திய வருஷமும் பஸ் ஏற வேண்டியிருக்கிறதே என்று இதே விரதத்தைத்தான் அவர் அநுஷ்டித்திருக்கிறார். மூன்று கட்டங்கள் போட்ட பட்டதாரிக்கு நாலாவது கட்டம் ஒன்று உண்டென்று தோன்றவில்லை. தேக உபாதையைப் பற்றி நம் வீட்டுப் பெண்மணிகள் பேசுவதில்லை. பேசாததை நாமும் கேட்பதில்லை. வீதிக்கு வீதி நம் தாய்மார்கள் இப்படித்தான் நா வறண்டு யாத்திரை போய்க்கொண்டிருக்கிறார்களோ என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு ஸந்தேகம்.

ரயில் என்று தீர்மானமாயிற்று. அதிலும் எந்த வண்டி என்ற கேள்வி இருக்கிறது. திதி காலையில் நடப்பதால், அன்று விடியற்காலை வண்டியை நம்புவது உசிதமல்ல. முதல் நாளே புறப்பட்டு இரவு அங்கே தங்கிவிடுவது மேல். ஆடி அமாவாசையை ஒட்டிப் போகிறவர்களுக்கு இந்த யோசனை உபயோகப்படாது. அன்று எந்த வண்டியிலும் நிற்க இடம் கிடைத்தாலே புண்ணியம் செய்தவர்கள். முழங்கால் வலியுள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் மதுரை ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், எந்தப் பிளாட்பாரம் என்று விசாரித்து, கூட்டம் திரளுமுன் உட்கார்ந்துவிட வேண்டும். நாங்கள் அரை மணி முன்னால்தான் போனோம். ஒரு காலேஜ் மாணவன் எழுந்து இடம் கொடுத்ததால் அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

வண்டி சிலைமான், திருப்புவனம் தாண்டித் திருப்பாச்சேத்திக்கு வந்தது. அரிவாளுக்குப் பெயர்போன ஊர். ஸ்டேஷன் என்னவோ பரம சாதுவாக இருக்கிறது. பிறகு கடம் செய்யும் மானாமதுரை. அதற்கப்பால் பனை மரங்களும் சீமைக் கருவேலங்காடும்தான். 1897 ஜனவரியில் மேல்நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கி, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரைக்கு வந்தது இதே தடத்தில்தான், எதிர்த் திசையில். அப்போது மதுரைக்குக் கிழக்கே ரயில் கிடையாது. மண்டபம் வரையில் தண்டவாளம் வந்தது 1902-ல்.

பரமக்குடி அம்மாவின் பிறந்த ஊர். வண்டி அங்கே நின்றபோது அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து, என் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் கோடி வரையில் போய்விட்டு வந்தார். வந்து உட்கார்ந்து பாட்டிலை வாங்கி அரைப் பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார். ராமநாதபுரம் வருவதற்குள் மிச்சமும் தீர்ந்தது.

மண்டபம் கடந்ததும் பெட்டியில் பேச்சு அடங்கிற்று. பழைய பாலத்தில் வண்டி ஆமைபோல் ஊர்ந்து செல்லும். கப்பல் வரும்போது அதன் நடுக் கண்ணைத் தொழிலாளர்கள் கையால் நெம்பி இரு புறமும் கதவுபோல் தூக்குவார்கள். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக் கண் மின்சார விசையால் அப்படியே 17 மீட்டர் உயரம் நெட்டுக்குத்தாக எழும்புகிறது. எங்கள் வண்டி தயக்கமில்லாமல் அதைத் தாண்டிற்று. சாலைப் பாலம் வானத்தில் தொங்க, நாம் அலைகளுக்குச் சற்று மேலே போகிறோம். இதைக் காரில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

பழைய பாலம் பக்கத்தில் வெறுமையாக நின்றது. 1964 டிஸம்பர் 22-ந் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி போன வண்டி நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலில் போனபோது அம்மாவுக்கு 13 வயது. பரமக்குடிக் கடைத்தெருவில் ஒரே பத்திரிகையைச் சுற்றி நாற்பது பேர் நின்றதை என் பெண்ணுக்குச் சொன்னார். அன்று சிதைந்த பாலத்தை இஞ்சினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டார்கள் என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். வாத்தியார் புத்தி.

ராமேசுவரம் ஸ்டேஷன் வாசலில் அத்தான் காருடன் காத்திருந்தார். மறு நாள் திதி குறைவின்றி நடந்தேறியது. திரும்பும்போது அவர் காரைத் தம் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "நானும் உங்ககூடவே வர்றேன் அத்தை" என்று எங்களோடு ரயிலில் ஏறிக்கொண்டார். மானாமதுரை வரையில் நின்றுகொண்டேதான் வந்தார்.