அழித்துவிட்டால் போதுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பொம்மசந்திராவில் நாம் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஐந்தாம் வீட்டுக்காரர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு நம் வாயிலில் வந்து நின்றார். அரூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, இருபது ஆண்டுகளாக இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டுபவர். மகன் டிப்ளமா முடித்துவிட்டு நிலையான வேலைக்குக் காத்திருப்பவன். பெரியவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

"தம்பி, நீங்கள் ரயில்வேயில் இருப்பவர். பையனுக்கு உத்தரவு வந்திருக்கிறது. எந்த ஆபீசுக்குப் போய் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் முகத்தில் அத்தனை மலர்ச்சி.

தாளைப் பிரித்துப் படித்தோம். மின்னஞ்சலாக வந்த கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார்கள். மேலே அரசாங்க முத்திரை. கீழே வட்ட முத்திரையும் ஒரு கையொப்பமும். இளநிலைக் குமாஸ்தாவாக நியமனம்; அதற்குப் பயிற்சிக் காப்புத் தொகையாக ரூபாய் 18,500 உடனே செலுத்த வேண்டும் என்று கண்டிருந்தது.

"பணம் கட்டிவிட்டீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"வியாழக்கிழமையே கட்டிவிட்டோம், தம்பி. இவன் அம்மாவின் தோட்டை அடகு வைத்தோம். முதல் சம்பளத்தில் மீட்டுக்கொள்ளலாம் அல்லவா?"

நமக்குப் பேச்சு எழவில்லை. மோசடியைக் கண்ட அதிர்ச்சி மட்டும் அதற்குக் காரணமன்று. அதே கடிதம், ஒரு சொல்லும் மாறாமல், அந்தத் திங்கட்கிழமை நம் மின்னஞ்சல் பெட்டிக்கும் வந்திருந்தது. ரயில்வே குமாஸ்தாவுக்கே ரயில்வே குமாஸ்தா வேலையா என்று நகைத்துவிட்டு, அதை அழித்துப் போட்டோம். திங்களுக்கும் வியாழனுக்கும் இடையே மூன்று நாள்கள். நான்கு வீடு தள்ளி இருப்பவரிடம் நாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகார் செய்ய வேண்டிய இடத்திலும் சொல்லவில்லை. அந்தக் குறை நம்மை வருத்துவதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம், கணிப்பொறி நிபுணரல்லர். கேட்டும் படித்தும் செய்துபார்த்தும் அறிந்தவற்றையே இங்கே கூறுகிறோம்.

குப்பை அஞ்சலின் பிறப்பு

நாம் கேளாமலே நம் பெட்டியில் வந்து விழும் மின்னஞ்சலை 'ஸ்பேம்' என்கிறார்கள். அது அமெரிக்காவில் தகரக் குப்பியில் விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். பிரிட்டிஷ் நகைச்சுவை நாடகம் ஒன்றில் உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்து நிற்கும். வேண்டாத அஞ்சலுக்கு அப்பெயர் அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது. 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், கணிப்பொறிக் கம்பெனி ஒன்றின் விற்பனை அதிகாரி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதே இவ்வகையில் முதலாவது என்பர். அன்று அது வெறும் தொந்தரவு. இன்றோ வங்கியின் பெயராலும், வருமான வரி அலுவலகத்தின் பெயராலும், ரயில்வேயின் பெயராலும் வந்து பையைத் தடவும் தொழிலாகிவிட்டது.

பிழைக்க வந்த ஊரில் நம்மவர்க்கு நிலையான உத்தியோகத்தின்மேல் உள்ள ஏக்கத்தை மோசக்காரர் நன்கு அறிவர். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியதிலிருந்து, நம் தெருவில் ரயில் வேலைப் பேச்சு அதிகமாயிற்று. அந்த ஆசை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 2022-இல் தில்லியில் நடந்ததே சாட்சி. தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர், ரயில்வே வேலை என்று நம்பிப் பெருந்தொகை கொடுத்தார்கள். பயிற்சி என்ற பெயரில் புதுதில்லி ரயில் நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மாதம், நாள்தோறும் எட்டு மணி நேரம், வந்து போகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இழந்த தொகை இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல். அவர்களிற் பலர் படித்துப் பட்டம் பெற்றவர்கள். ஆகவே படிப்பில்லாதவரே ஏமாறுவர் என்று எண்ணிவிடலாகாது.

கடிதம் வந்த வழி

மோசக் கடிதத்தில் 'அனுப்புநர்' என்று காணும் பெயரை நம்பலாகாது. இன்லண்டுக் கடிதத்தின் பின்புறத்தில் யார் வேண்டுமானாலும் எந்த விலாசத்தையும் எழுதலாம். ஆனால் எந்த ஊர்த் தபால் நிலையத்தில் அது விழுந்தது என்பதை அஞ்சல் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். மின்னஞ்சலுக்கும் அத்தகைய முத்திரைகள் உண்டு. கடிதம் எந்தெந்த சர்வரைக் கடந்து வந்ததோ அவை ஒவ்வொன்றும் தன் அடையாளத்தையும் நேரத்தையும் கடிதத்தின் தலைப்பகுதியில் பதித்துவிடுகின்றன. சாதாரணமாக இது நம் கண்ணுக்குப் புலப்படாது. ஜிமெயிலைக் கணிப்பொறியில் திறந்து, கடிதத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'மூலத்தைக் காட்டு' என்பதைத் தேர்ந்தால் முழுதும் விரியும். புதிய முத்திரை மேலும் பழைய முத்திரை கீழுமாக அடுக்கப்பட்டிருக்கும். பார்சல் ஒன்று எந்த ஸ்டேஷனில் ஏறி எங்கெங்கே மாறி வந்தது என்று நாம் பதிவேட்டில் பார்ப்பதைப் போன்றதே இது.

இந்த முத்திரைகளைப் படித்து, கடிதம் புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்குப் பொறுப்பான இணையக் கம்பெனிக்குப் புகார் அனுப்பும் சேவைகள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று 1998-இல் தொடங்கப்பட்ட 'ஸ்பேம்காப்'. இன்று அது சிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்தது. பதிவு செய்துகொண்டவர்க்குத் தனியாக ஒரு முகவரி தருகிறார்கள். குப்பை அஞ்சலை இணைப்பாக வைத்து அதற்கு அனுப்பினால், இயந்திரமே தலைப்பகுதியை ஆராய்ந்து, யாருக்குப் புகார் போக வேண்டும் என்று காட்டும். நாம் சரிபார்த்து ஒப்புதல் அளித்ததும் புகார் போய்விடும். பலர் புகார் செய்யும் சர்வரின் முகவரி ஒரு தடைப் பட்டியலில் ஏறுகிறது. அப்பட்டியலைப் பயன்படுத்தும் அஞ்சல் நிலையங்கள், அங்கிருந்து வரும் கடிதங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

ஒப்புதலுக்குக் காத்திராமல் உடனே போய்ச்சேரும் 'விரைவுப் புகார்' முறையும் அங்கே உண்டு. ஆனால் அதற்கு முன்பாக நம் சொந்த அஞ்சல் எந்தெந்த சர்வர் வழியே வருகிறது என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையேல் கள்வனை விட்டுக் கடிதம் கொண்டுவந்த தபால்காரரைப் பிடித்துக் கொடுத்த கதையாகிவிடும். புகாரில் வேகமும் வேண்டும், நிதானமும் வேண்டும்.

விரைவு ஏன்?

ஆறின புகாரால் பயனில்லை. குப்பை அஞ்சல் அனுப்புவோர் ஒரே இடத்தில் நிலைத்திருப்பதில்லை. ஓர் இடத்திலிருந்து சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் தள்ளிவிட்டு, வேறோர் இடத்துக்குப் பெயர்ந்துவிடுகிறார்கள். அதனாலேயே இரண்டு நாளுக்கு மேற்பட்ட பழைய அஞ்சலை ஸ்பேம்காப் ஏற்பதில்லை. புதிய புகார் வராவிடில், பட்டியலில் ஏறிய முகவரியும் 24 மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும்.

பிரிட்டனில் 2020 ஏப்ரலில், சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலைப் பொதுமக்கள் அப்படியே திருப்பி அனுப்புவதற்கென்று அரசாங்கமே ஒரு முகவரியை ஏற்படுத்தியது. ஏறத்தாழ ஒரு நாளைக்குள் 5,000 அஞ்சல்கள் வந்து குவிந்தன; அவற்றைக்கொண்டு 83 மோசடி முயற்சிகள் முடக்கப்பட்டன. அனுப்பியவர்கள் அதிகாரிகளல்லர், நம்மைப் போன்ற இல்லறத்தாரே. அழித்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருக்கக்கூடியவர்கள், ஒரு நிமிடம் ஒதுக்கினார்கள்.

நம் நாட்டிலும் வழிகள் உண்டு. உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம் 2019 முதல் இயங்குகிறது. முகவரி: சைபர்கிரைம், புள்ளி, கவ், புள்ளி, இன். பணம் இழவாதவரும் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் முகவரியையோ இணையத்தளத்தையோ அங்கே தெரிவிக்கலாம். பிறர் முன்பே தெரிவித்திருக்கிறார்களா என்று தேடியும் பார்க்கலாம். கணிப்பொறிப் பாதுகாப்புக்காக 2004 முதல் இயங்கும் 'செர்ட்-இன்' என்ற மத்திய அமைப்பும் மோசடி அஞ்சல்களைப் பற்றிய தகவலை ஏற்கிறது. தொலைபேசி அழைப்பாகவோ, குறுஞ்செய்தியாகவோ, வாட்ஸ்அப் செய்தியாகவோ வருவதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 2024 மார்ச்சில் சேர்க்கப்பட்ட 'சக்ஷு' பகுதியில் கூறலாம். இவற்றுக்கெல்லாம் முந்திய எளிய வழி, அஞ்சல் பெட்டியிலேயே உள்ள 'ஸ்பேம் எனப் புகாரளி' என்ற பொத்தான். அழிக்கும் பொத்தானைத் தொடும் விரல் இதைத் தொட்டால், அதே கடிதம் பிறர் பெட்டிக்குள் நுழையும்போது அதனை இனங்காண நாம் உதவியவராவோம்.

பணம் போயிருந்தால்

பணம் கைமாறிவிட்டதானால் முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணுக்குப் பேசுவது. புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செய்தி பறக்கிறது. பணம் அக்கணக்கில் இருந்தால் அங்கேயே முடக்கப்படும். வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் செய்தியும் அதனைப் பின்தொடரும். முந்துவது பணமா புகாரா என்பதே கேள்வி. நம் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நட்டம் நேர்ந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பின்னர் நிகழும் நட்டத்தை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்தது. ஆள்மாறாட்டம் செய்து கணிப்பொறி வழியே ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. வெளியூரார் புகாரை யார் கேட்பார் என்று நம்மவர் தயங்க வேண்டியதில்லை. நாட்டிலேயே முதன்முதலாகச் சைபர் குற்றங்களுக்கென்று ஒரு காவல் நிலையம் 2001-இல் அமைந்தது இந்தப் பெங்களூரில்தான்.

ஐந்தாம் வீட்டுக்காரர் கதைக்கு வருவோம். அந்த ஞாயிறு இரவே 1930-க்குப் பேசினோம். தளத்திலும் புகார் பதிந்து, கடிதத்தின் தலைப்பகுதியையும் பணம் கட்டிய ரசீதையும் சேர்த்தோம். ஆனால் நாள்கள் மூன்று கடந்துவிட்டனவே! பணம் வியாழன் இரவே கணக்குவிட்டுக் கணக்குத் தாவியிருந்தது. கடைசிக் கணக்கில் எஞ்சியிருந்த 2,100 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டது. அது கைக்கு வரும் நாளை எதிர்பார்த்திருக்கிறார்கள். தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. "போகட்டும் தம்பி, உயிருக்கா ஆபத்து?" என்று அந்த அம்மாள் நமக்கே ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் நம்மை இன்னும் சுட்டது.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

வேலைக்கு முன்பணம் கேட்கும் எந்தக் கடிதத்தையும் நம்பாதீர்கள். ரயில்வே குமாஸ்தா வேலைக்குத் தேர்வு வாரியம் முறையாக விளம்பரம் செய்து, தேர்வு நடத்தியே ஆள் எடுக்கும். தேர்வே எழுதாதவனுக்கு நியமனம் வராது. கடிதத்தில் உள்ள இணைப்புகளைத் தொடாதீர்கள். 'இனி அனுப்ப வேண்டாம்' என்று மோசக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே அறிவித்ததாகும். பணம் போயிருந்தால் கடிதத்தை அழிக்காமல் வையுங்கள், அதுவே சாட்சி. நாமே விரும்பிப் பெயர் கொடுத்த கடை விளம்பரத்தையும், நம் சங்கத்தின் சுற்றறிக்கையையும் குப்பை என்று புகார் செய்துவிடாதீர்கள். பொய்ப் புகார் மெய்ப் புகாரின் மதிப்பைக் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தெருவில் திருடன் நடமாடுவதைக் கண்டவர் தம் கதவை மட்டும் தாழிட்டுக்கொண்டு படுப்பதில்லை. குரல் கொடுத்து நாலு வீட்டையும் எழுப்புவார். ஊரில் நமக்கிருந்த அந்தப் பழக்கம், பிழைக்க வந்த இடத்தில் கைநழுவலாகாது.

அடுத்த மாதச் சங்கக் கூட்டம் முடிந்தபின் நாம் ஒரு மணி நேரம் அங்கேயே இருப்போம். புகார் செய்யும் முறையை அறிய விரும்பும் தாய்மார்களும் பெரியவர்களும் தம் கைப்பேசியோடு வரலாம். ஐந்தாம் வீட்டுத் தம்பியும் உடன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். தலைப்பகுதியைப் படிப்பதில் இப்போது அவன் நம்மைக் காட்டிலும் தேர்ந்தவன்.