மானும் ஆடும் மேயும் ஒரே புல்

மழைக்காலத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் யாரும், வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு பட்டியைத் திறப்பதே நல்லது. பனி ஈரத்தில்தான் குடற்புழுவின் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கின்றன. காப்புக்காட்டை ஒட்டிய மேய்ச்சலில் அதே புல்லை மானும் கடிக்கிறது.

ஆடு, மான் இரண்டுமே அசைபோடும் விலங்குகள். இரண்டின் நாலாம் இரைப்பையிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது ஹீமாங்கஸ் என்ற நூல்புழு. ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைச் சினைப்பை சுற்றியிருப்பதால், பெண் புழு இருநிறக் கயிற்றை முறுக்கியதுபோல் இருக்கும். நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமும் சூடும் கூடினால் ஒரே வாரத்தில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. கோடை வெயில் அந்தக் குஞ்சுகளைக் காயவைத்துக் கொல்லும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் மறுபடி பெருகும்.

ஈரல் தட்டைப்புழுவின் வழி வேறு. அது நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகி, நீரோரப் புல்லில் கூடு கட்டிக் காத்திருக்கும். ஏரியும் மதகும் வாய்க்காலுமான நம் வட்டாரத்தில் நத்தைக்கு என்ன குறை?

பரந்து மேயும் மான் கொஞ்சம் புழுவோடு நலமாகவே வாழும். இடம் குறுகினால்தான் ஆபத்து. 1978-இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நகரம் சூழ்ந்த அந்தத் துண்டு நிலத்தில், புழுக்கை போட்ட இடத்திலேயே புள்ளிமான்கள் திரும்பத் திரும்ப மேய வேண்டியிருக்கிறது. இரக்கப்பட்டு ஒரே இடத்தில் தீனி கொட்டுவது மானுக்குச் செய்யும் கெடுதல்.

மானைப் பிடிக்காமலே புழுவைக் கண்டறியலாம். புதுப் புழுக்கையை அடர்ந்த உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி வைத்தால், நூல்புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். அவற்றை நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கும்.

மான்தான் ஆட்டுக்குப் புழுவைத் தருகிறது என்று பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். மந்தையிலிருந்தும் காட்டுக்குப் புழு போகிறது. எடைக்குக் குறைவாக மருந்து ஊற்றினால், மருந்துக்கு அசையாத புழுக்கள் மிஞ்சிப் பெருகும். அவை மானுக்குள் போனால் அதற்கு யார் மருந்து ஊற்றுவது?

ஆட்டின் கீழிமையை விலக்கிப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தாலோ, ஒரு பிடி புதுப் புழுக்கையோடு அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.